மின்சாரம் வந்தது, பாதுகாப்பு வந்ததா?

(தோட்டக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவை அடுத்தடுத்த விஷயங்களாக வருகின்றன. அதற்கு முன்னால் நம் வீட்டுக் கதவுக்கு மேலே, ஒட்டடை படிந்து, யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசும்படி கமிட்டி நம்மைப் பணித்திருக்கிறது. மெயின் பெட்டியைத்தான் சொல்கிறோம்.

இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்து இஞ்சின் மாலையில் ஓடும். இரவு ஆனதும் நின்றுவிடும். லயத்து வீட்டுக்கு ஒரு விளக்கு, மிஞ்சினால் இரண்டு. இஞ்சின் நின்றால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியமாகி, பிறகு எல்.எல்.என். என்று நம் வாயில் பழகிப்போயிற்று. 1990-இல் தெனாகா நேஷனல் வந்தது. மின்கம்பம் ஒவ்வொரு தோட்டமாக எட்டிப் பார்த்தது. அந்த வெளிச்சம் சும்மா வரவில்லை. எழுதிக் கேட்டும், கூட்டம் போட்டுக் கேட்டும் வாங்கிய வெளிச்சம் அது.

ஆனால் தோழர்களே, ஒரு விளக்குக்கென்று வயர் இழுத்த வீட்டில் இன்று எத்தனை சாமான்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தோமா? சோறு பொங்கும் குக்கர், ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, காற்றாடி, தொலைக்காட்சி, பிள்ளைகளின் கைப்பேசிக்குச் சார்ஜர். தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் ஒன்று 2,000 வாட்ஸ் இழுக்கும். இருபது வாட்ஸ் விளக்கு நூறு சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். சுவரில் உள்ள மூன்று கால் பிளக் பதின்மூன்று ஆம்பியர் தாங்கும். நம் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3,000 வாட்ஸ். ஒரே பிளக்கில் நீட்டு வயரைச் செருகி, அதில் கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மாட்டினால் 3,000-ஐத் தாண்டிவிடும். வயர் சுடும். பிளக் மஞ்சள் பூத்து, பிறகு கறுக்கும். "பிளாஸ்டிக் வாடை அடிக்குதே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் சமையலைப் பார்ப்போம்.

பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது. அது எரிந்தால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் கெட்டிக்காரர்கள் நம்மிடையே உண்டு. பியூஸ் எரிவது குற்றமல்ல, அதன் வேலையே எரிவதுதான். ஈயத்தாள் எரியாது. அதற்குப் பதிலாக வயர் எரியும், வயருக்குப் பின்னால் பலகைச் சுவர் எரியும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வந்து ஒப்பிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். நம் லயத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். பால்வெட்டு பாதியில் நின்று, எல்லாரும் நனைந்துகொண்டு வீடு திரும்பிய நாள். ஓர் அக்காள், வெறுங்காலோடு, ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் தொட்டார். தொட்ட கை விடவில்லை. விட முடியவில்லை. மின்சாரம் கைக்குள் போகும்போது தசை இறுகிக்கொள்ளும், உதற நினைத்தாலும் உதற முடியாது. அடுத்த வீட்டுப் பெரியவர் ஓடிவந்து மெயினை அணைத்தார். அவர் அந்த அக்காளின் தோளைப் பிடித்து இழுத்திருந்தால் அன்று இரண்டு பேர். உயிர் பிழைத்தார். ஆனால் வலது உள்ளங்கை வெந்து, இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

பால் வெட்டுகிறவர்களுக்கு வலது கை என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், கொஞ்சம் மேலோடினால் பால் வராது. அந்த அக்காள் வெளிக்காட்டு வேலைக்கு மாற்றப்பட்டார், சம்பளமும் இறங்கிற்று. வீட்டில் நேர்ந்தது, வேலையில் நேர்ந்ததல்ல என்று சொல்லி, வேலை விபத்துக்குரிய தொகையும் அன்று கிடைக்கவில்லை.

காரணம் என்ன என்று பிறகு பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. எலி கடித்து உள்வயர் ஒன்று இயந்திரத்தின் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் மூன்று கால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கால் பிளக் மாட்டியிருந்தார்கள். ஆகவே எர்த் இல்லை. மெயின் பெட்டியில் இருந்த ஆர்.சி.டி.யை, நம்மவர்கள் டிரிப் சுவிட்ச் என்று சொல்லுகிற அதை, ஒரு துண்டு வயர் போட்டுத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

யார் தாண்டியது? நமக்குத் தெரிந்த ஒரு தம்பிதான். கைராசிக்காரன், நல்ல பிள்ளை, முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டு செய்தான். அவன் கைப்பேசி எண்ணை அந்த வீட்டுக்குக் கொடுத்தது யார்? ஆபீஸில் இருக்கும் நாங்கள்தான். "இடி இடித்தால் டிரிப் ஆகிறது, மழை வந்தால் டிரிப் ஆகிறது" என்று அந்த அக்காள் புகார்ப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுத வைத்தார். எழுதியது எங்கள் கை. நிர்வாகம் ஆள் அனுப்பவில்லை. மூன்றாம் தடவை வந்து நின்றபோது, எழுதி என்ன ஆகப்போகிறது என்று அந்தத் தம்பியின் எண்ணைக் கிழித்துக் கொடுத்தோம். அவன்மீது மட்டும் பழியைப் போட எங்களுக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. விபத்துக்கு இரண்டு நாள் முன்பே அந்த இயந்திரம் "கடிக்கிறது" என்று அக்காள் சொல்லியிருக்கிறார். "கரண்டு கொஞ்சம் கடிக்கும், செருப்புப் போட்டுக்கோ அக்கா" என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தோழர்களே, கடிக்கிற சாமான் நாளைக்குக் கொல்லுகிற சாமான். சுள்ளென்று ஒரு தடவை பட்டால் போதும். பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஆள் வந்து பார்க்கும்வரை திரும்பச் செருகக் கூடாது.

இந்த டிரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்பதைச் செக்ரோல் எழுதுகிறவன் பாஷையில் சொல்கிறோம். வீட்டுக்குள் ஒரு வயர் வழியாகப் போகிற மின்சாரம் மற்றொரு வயர் வழியாக அப்படியே திரும்பி வர வேண்டும். போன கணக்கும் வந்த கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அந்த ஒழுக்கு ஒரு மனிதனின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கி அதில் முப்பது பங்கு குறைந்தாலே, கண் இமைப்பதற்குள் அது புத்தகத்தை மூடிவிடும். பியூஸும், தானாக விழுகிற சின்னச் சுவிட்சுகளும் வயர் வேகாமல் காப்பவை. ஆளைக் காப்பது இது ஒன்றுதான். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. கையில் பிடித்துப் புழங்கும் சாமான்களுக்கு முப்பது மில்லியாம்பியர். குளிக்கும் அறைச் சுடுநீர்ப் பெட்டி போன்ற ஈரமான இடங்களுக்கு இன்னும் நுட்பமாக, பத்து மில்லியாம்பியர். அதன் முகத்தில் 'டி' என்று ஆங்கில எழுத்துப் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை, சம்பளம் வாங்குகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் வீட்டில் காவல் இல்லை.

மழைக்கும் இடிக்கும் அது விழத்தான் செய்யும். இடி மின்னல் மிகுந்த நாடு நம் நாடு. இடி முழங்கும்போது தொலைக்காட்சிப் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம். இடி ஓய்ந்ததும் சுவிட்சைத் தூக்கி விட்டால் நின்றால் சரி. தூக்கத் தூக்க விழுந்தால், எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்தச் சாமானில் கோளாறு. ஒன்றையும் செருகாமலே விழுந்தால் கோளாறு சுவருக்குள்ளோ கூரைக்கடியிலோ இருக்கிறது. அது நம் வேலையல்ல, வயர்மேன் வேலை.

இங்கே ஒரு சின்ன விஷயம். பழைய காலத்து வயர்களுக்கு மேலுறை ரப்பர்தான். நாம் வெட்டிய பால் கப்பல் ஏறிப் போய், வயராகத் திரும்பி வந்து, துரையின் பங்களாவுக்கு வெளிச்சம் கொடுத்தது. ஆனால் ரப்பர் காலப்போக்கில் காய்ந்து பொரிந்துவிடும். தொட்டால் உதிரும். பிறகு பி.வி.சி. உறை வந்து அதை ஒதுக்கிவிட்டது. பழைய கட்டடம் எதிலாவது துணி சுற்றிய, பொரிந்துபோன கறுப்பு வயர் தென்பட்டால், அது நம் தொழிலின் பெருமைச் சின்னம் என்று விட்டுவைக்காதீர்கள். தொடாமல் வந்து சொல்லுங்கள்.

சரி, வயர்மேன் யார்? பல்பு மாற்றுவதும், பிளக்கின் பியூஸை அதே அளவு பியூஸ் போட்டு மாற்றுவதும் யாரும் செய்யலாம். புதிதாக வயர் இழுப்பது, மெயின் பெட்டியைத் திறப்பது, புதுப் பிளக் வைப்பது, சுடுநீர்ப் பெட்டி மாட்டுவது, இவற்றுக்கு ஆள் தேவை. அந்த ஆளிடம் சுருஹான்ஜெயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம், கொடுத்த தகுதிச் சான்று இருக்க வேண்டும். மலாயில் பெண்டவாய் என்பார்கள். அதிலும் ஒற்றைப் பேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர் உண்டு, மூன்று பேஸும் செய்யத் தகுதி பெற்றவர் உண்டு, சோதனை செய்து கையெழுத்துப் போடத் தனி அனுமதி பெற்றவரும் உண்டு. குத்தகை எடுத்து வேலை செய்கிற கம்பெனியும் அதே ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும்.

"சான்றைக் காட்டு" என்று கேட்பது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நம்ம பையன், கல்யாணத்துக்கு வந்தவன், அவனிடம் போய் எப்படிக் கேட்பது? இந்தக் கூச்சத்தால்தான் அந்த அக்காளின் கை போயிற்று. பஸ் ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், அதில் கூச்சமில்லை. உண்மையான வயர்மேன் கேட்டவுடன் எடுத்துக் காட்டுவார். கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதி வாங்கியது, காட்டுவதில் அவருக்குப் பெருமை. கோபப்படுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து ஊர்க்காரராக இருப்பது நல்லதுதான், நாமும் அதைத்தான் விரும்புகிறோம். நாளைக்குக் கோளாறு என்றால் திரும்ப வருவார். முகம் தெரியும், கடை தெரியும். எந்த லயத்தில் எந்த ஆண்டு வயர், எந்தக் கூரை ஒழுகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எங்கிருந்தோ வந்து, வேலை முடித்து, அடுத்த மாதம் எண்ணை மாற்றிக்கொண்டு போகிறவரிடம் இந்த வசதி இல்லை. ஆனால் ஊர்க்காரர் என்பது சான்றுக்குப் பதிலாகாது.

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் மலிவு விலை வீடு வாங்கியிருக்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அங்கே வீடு உங்களுடையது, ஆளைப் பிடிப்பதும் உங்கள் பொறுப்பு. ஒருவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள், இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வேலையைப் பார்க்காமல் கைப்பேசியிலேயே விலை சொல்கிறவர் பின்னால் ஏற்றிக் கேட்பார். என்ன வேலை, எத்தனை பிளக், என்ன கனத்தில் வயர், கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள். விளக்குக்குப் போகிற வயர் மெல்லியது, பிளக்குக்குப் போவது அதைவிடத் தடித்தது. விளக்கு வயரிலிருந்து பிளக்குக்குக் கிளை எடுக்கிறவர் உங்கள் காசை மிச்சப்படுத்தவில்லை. சாமான்களில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். புது வயரிங் என்றால், வேலை முடிந்ததும் மேற்பார்வைச் சான்றாகிய 'ஜி' பாரமும், சோதனைச் சான்றாகிய 'எச்' பாரமும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கிளம்புவதற்கு முன் அவர் கண் முன்னாலேயே டிரிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எர்த் எங்கே இறங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். "எர்த் எல்லாம் தேவையில்லை அண்ணே" என்று சொல்கிறவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

மீட்டரைத் தாண்டி வயர் இழுத்துத் தருகிறேன், பில் குறையும் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது திருட்டு, சட்டப்படி குற்றம். மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான், செய்தவர் மறைந்துவிடுவார். காட்டுப்பன்றிக்கென்று காய்கறித் தோட்டத்தைச் சுற்றி வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்றிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு விளக்கு மாலை கட்டும் இளைஞர்களோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது, ஆகவே இங்கே விட்டுவிடுகிறோம்.

இனி லயத்து வீடுகளுக்கு வருவோம். இங்கே வீடு நம்முடையதல்ல. அப்படியிருக்க நாம் ஏன் முப்பது வெள்ளிக்கு ஆள் தேட வேண்டும்? 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 446-ஆம் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. வீடு கொடுக்கிற முதலாளி போதுமான தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும், கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஈயத்தாள் சுற்றிய பியூஸும், தாண்டிவிட்ட டிரிப் சுவிட்சும் பழுதில்லாத வீட்டின் அடையாளமா? "லயம் பழசு, பட்ஜெட் இல்லை" என்கிற பதிலை நாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டோம்.

ஆகவே வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். எழுத வராவிட்டால் எங்களிடம் வாருங்கள். தேதி, வீட்டு எண், என்ன கோளாறு என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் சங்கம் நிர்வாகத்தோடு பேசும். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும். முத்திரை போட்ட அந்தப் பிரதி இல்லாமல் போனால் அங்கே நம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. அந்த அக்காள் விஷயத்தில் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தும், கையில் ஒரு தாள்கூட இல்லாமல் நின்றோம். கிராணிமார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். ஆபீஸில் முத்திரை நம் மேசைமீதுதான் இருக்கிறது. போட்டுக் கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

யாருக்காவது மின்சாரம் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று சகோதரிகள் கேட்டார்கள். தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அதனால்தான் மெயின் பெட்டிக்கு முன்னால் அலமாரி வைக்கக் கூடாது என்பது. அணைக்க வழியில்லையென்றால் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையால் ஆளை விலக்குங்கள். பச்சை மட்டை, ஈரக் கொம்பு ஆகாது. 999-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், மருத்துவ வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் படுக்க வைத்தால் கரண்டு இறங்கும் என்று காத்திருந்தால் உயிர்தான் இறங்கும். ஆள் தெளிவாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கம்பத்து வயர் அறுந்து தரையில் கிடந்தால் பக்கத்தில் போகாமல், பிள்ளைகளையும் விடாமல், 15454-க்குச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்கு மாறிப் போயிருக்கிற தோழர்கள், அலுமினியக் கம்பைத் தூக்குமுன் தலைக்கு மேலே ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காரியத்துக்கு வருகிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டித் தோழர்கள் வீடு வீடாக வருகிறார்கள். தகுதிச் சான்று பெற்ற ஒரு வயர்மேனும் கூட வருகிறார், கூலி சங்கக் கிளைக் கணக்கிலிருந்து. மேல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்போம். டிரிப் சுவிட்ச் விழுகிறதா, எர்த் இருக்கிறதா, எந்தப் பிளக் கருகியிருக்கிறது என்று மூன்றும் எழுதிக்கொள்வோம். அந்தப் பட்டியலோடுதான் அடுத்த மாதம் நிர்வாகத்தைச் சந்திக்கிறோம். ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஈயத்தாள் சுற்றியிருந்தால் அதையும் எடுக்காமல் அப்படியே காட்டுங்கள். வேலைக்கோ சந்தைக்கோ போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். நாயைக் கட்டி வையுங்கள்.